நிழலைச் சுருட்டி வைத்த காவல்காரன்

பெரியவளே, தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். உங்கள் அம்மா கூட, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. பெரியவளே, நீ பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த புத்தகத்தின் கதையைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஏதோ ஒரு நாட்டில் வயசுப் பெண்களை எல்லாம் மதிலுக்குள் வைத்து, ஒரே மாதிரி உடுப்புப் போட்டு, எப்போது தூங்கணும், யாரோடு பேசணும் என்பது வரைக்கும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள் என்று. தம்பி, "அந்தப் பொண்ணுங்க ஏன் சும்மா இருக்குதுங்க? ஓடிப்போவ வேண்டியதுதானே" என்றான். நீ என்னைப் பார்த்து, "நெஜமாவே இப்படியெல்லாம் நடக்குமாப்பா?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் எழுந்து போனேன்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். கதைப் புத்தகம் எதையும் முழுதாகப் படித்தது கிடையாது. ஆனால் நீ சொன்ன மாதிரிக் கதை ஒன்றை, ரொம்ப நாள் முன்னால், புத்தகம் இல்லாமலே கேட்டிருக்கிறேன். சொன்னது உங்கள் அத்தை. இப்போது சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளே, உங்களுக்கு ஊசி போடும்போது கிச்சுகிச்சு மூட்டுவாளே, அவள்தான். அவள் அதைச் சொன்ன இடம் நம் மரக்காணம் உப்பளம். நான் அங்கே மேஸ்திரியாக இருந்தேன். உங்கள் தாத்தாவுக்கு உப்பு வெளிச்சத்தில் கண் மங்கிப்போனதும் அந்த வேலை என் கைக்கு வந்தது. வீட்டில் எது என்றாலும் என்னைத்தான் கேட்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. மீசை சரியாக முளைக்காத வயது எனக்கு.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அளத்தில் பாதி நாள் சேறு அள்ளுவதிலேயே போனது. கதை நடந்தது அதற்கும் அடுத்த வருஷம், 2006 கோடை. உங்கள் அத்தை ப்ளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டு ஒரு வருஷமாக அளத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பாண்டிச்சேரியில், கடலோரத்துப் பெண்களுக்கு என்று நர்ஸ் வேலைக்கு ஒரு படிப்பு ஆரம்பித்திருந்தார்கள். தங்குவதற்கு ஹாஸ்டலும் உண்டு. அதில் சேர வேண்டும் என்று முதல் வருஷமே கேட்டாள். "வயசுப் பொண்ணு, தனியா ஹாஸ்டல்ல எல்லாம் வேணாம். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றேன். இந்த வருஷம் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். ஜூன் மாசத்தோடு சேர்க்கை முடிந்துவிடும் என்று அவள் சொன்னாள். "முடிஞ்சா முடியட்டும், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இனிமேல் எழுதப் போவது எனக்குக் கூச்சமான விஷயம். சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லா அளத்திலும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மாதத்தில் அந்த நாட்களில் பெண்கள் உப்பு விளைகிற பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தண்ணீர் சிவந்துபோகும், உப்பு கசந்துபோகும் என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு பெண் வேலைக்கு வந்ததும், தான் உப்பு சுமக்கும் கூடையை வரப்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொட்டாய்க்குப் போய்விட வேண்டும். அங்கே உட்கார்ந்து, உப்பைக் குவித்த அம்பாரத்தை மூடுவதற்குக் கீற்று முடையலாம், சாக்கு தைக்கலாம். வாய் திறந்து யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. கூடை சொல்லிவிடும்.

அந்தக் கூடைகளைப் பார்க்க வேண்டியது மேஸ்திரி வேலை.

வெயில் ஏறித் தண்ணீர் கெட்டிப்படும்போது சில பாத்திகள் தானாகவே ரோஜா நிறத்துக்கு மாறும். பெண் காலே படாத பாத்தியும் மாறும். என் அப்பாவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். புதுத் தண்ணீர் விட்டால் நிறம் இறங்கிவிடும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் விடியற்காலையில் நான் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, நிமிர்ந்த கூடை எது, கவிழ்ந்த கூடை எது என்று பார்த்துக்கொண்டு போவேன். யார் கூடை எந்த நாளில் கவிழும் என்பது எனக்கு மனப்பாடம். என் தங்கச்சி கூடையும் அதில் ஒன்று. இதைத் திறமை என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி என்றால் அளத்தில் நடப்பது எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

பக்கத்தில் அனுமந்தை ஊரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். உங்கள் அத்தை வயதுதான். கடலுக்குப் போகிற குடும்பம். சுனாமியில் அவர்கள் படகு போய்விட்டது. உப்பு வேலை பழக்கமில்லாததால் முதலில் கால் எல்லாம் புண்ணாகி, துணி சுற்றிக்கொண்டு நடப்பாள். நன்றாகச் சிரிப்பாள். அவள் சிரித்தால் பலகையால் உப்பு வாருகிற ஆம்பளைகள் வரைக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கூடை ரொம்ப நாளாகக் கவிழவே இல்லை. ஒரு நாள் காலையில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்:

"ஏம்மா, உன் கூடை மட்டும் நிமிந்தே இருக்குதே, இன்னா விஷயம்?"

யாரோ ஒருவன் பாத்தியிலிருந்து 'க்ளுக்' என்றான். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பேச்சு சாயங்காலத்துக்குள் அனுமந்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அம்மா அவளை வானூருக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். சாப்பாடு சரியில்லாமல் ரத்தம் கம்மியாக இருக்கிறது, அதனால்தான் நாள் தள்ளிப்போகிறது, வேறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். டாக்டரிடம் போவதற்கு முன்னாலேயே வீட்டில் அடி விழுந்திருந்தது. அவள் பல நாள் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது வரிசையின் கடைசியில் நின்றாள். சிரிப்பு இல்லை, பேச்சும் இல்லை. நான், 'சரி, டாக்டரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், பிரச்னை தீர்ந்தது' என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிள்ளைகளே, நான் பொய் எழுதவில்லை, நிஜமாகவே தோன்றவில்லை.

அவள் திரும்பி வந்த அன்றைக்குத்தான் உங்கள் அத்தை கதை சொல்ல ஆரம்பித்தாள்.

சூரியன் ஏறியதும் டீக்கு விடுவோம். பெண்கள் எல்லாரும் உப்பு அம்பாரத்தின் மேற்குப் பக்கம், நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த கூழையோ டீயையோ குடிப்பார்கள். நான் மடையைப் பார்த்துவிட்டு அந்த வழியாக வந்தேன். உங்கள் அத்தை குரல் கேட்டது. ஏதோ சமாச்சாரம் போல இருக்கிறதே என்று அம்பாரத்தின் ஓரத்தில் இந்தப் பக்கமாகவே நின்றேன்.

"அந்த நாட்ல எல்லாமே வெள்ளை. மண்ணு வெள்ளை, மரம் வெள்ளை, காக்கா கூட வெள்ளை. செவப்பா எதுவும் இருக்கக் கூடாதுன்னு ராஜா உத்தரவு. சாயங்காலம் வானம் செவக்கும் இல்ல? அப்ப நாலு ஆளு ஏணி வச்சி ஏறி, வானத்துக்கே துணி கட்டிடுவாங்க."

"அடிப்பாவி, அவ்ளோ துணிக்கு எங்கடி போறது?" என்று கேட்டது எங்கள் கூட்டத்திலேயே மூத்தவள். எல்லாரும் அக்கா என்போம். வாய் நீளம்.

"அதான்க்கா, அந்த நாட்டுப் பொண்ணுங்க எல்லாம் ராப்பகலா துணி நெய்யுதுங்க. குறுக்க பேசாத. பொண்ணு வயசுக்கு வந்தா காவக்காரன் வருவான், கத்திரிக்கோலோட. குதிகால் கிட்ட வச்சி அவ நிழலை வெட்டி எடுத்துருவான்."

"அய்யோ!"

"வலிக்காது. முடி வெட்டுற மாதிரிதான். வெட்டி, பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, பேரு கட்டி, கொட்டாய்ல அடுக்கி வச்சிடுவான். நிழல் இல்லாதவ நாட்டைத் தாண்டிப் போவ முடியாது. எல்லையில தராசு வச்சி நிழலை எடை போட்டுத்தான் வுடுவாங்க."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. என் தங்கச்சிக்கு இப்படி ஒரு வாய் உண்டு என்றே எனக்குத் தெரியாது. மறுநாள் டீ நேரத்தில் மடைக்குப் போகாமலே அம்பாரத்து ஓரத்துக்கு வந்துவிட்டேன். அதற்கு மறுநாளும் வந்தேன். என்ன ஆகுமோ என்று ராத்திரி படுக்கையில் யோசிப்பேன். வீட்டில் அவளிடம் கேட்கலாம்தான். ஆனால் மேஸ்திரி ஒளிந்து நின்று கதை கேட்டான் என்று ஆகிவிடுமே.

கதையில் ஒரு பெண் இருந்தாள். அவள் நிழலை வெட்டும்போது காவல்காரனுக்குக் கை நடுங்கி, குதிகாலில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நகத்தளவு துண்டு. அவள் அதை வளர்க்கிறாள். உச்சி வெயிலில், எல்லாருக்கும் நிழல் காலடிக்குள் ஒடுங்குகிற நேரத்தில், காவல்காரன் உண்ட மயக்கத்தில் இருக்கும்போது வெளியே வந்து அதை நடக்கப் பழக்குகிறாள். ஒரு நாள் அது குட்டி நாய் மாதிரி ஓடிப்போய் ஒரு சுவரில் ஏறிக்கொள்ள, அவள் அதைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்குகிறாள். அந்த இடத்தில் பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்தக் காவல்காரன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். எழுந்து வந்துவிடப் போகிறான், அவளைப் பிடித்துவிடப் போகிறான் என்று பதைத்தேன். என் கையில் கிடைத்தால் ஒரு உதை விட்டிருப்பேன்.

அடுத்த நாள் காவல்காரன் விழித்துவிட்டான்.

"அவ நெஞ்சு பதறுது," என்றாள் உங்கள் அத்தை. "ஏன்னா அவன் வர்ற சத்தம் கேக்குது. எப்படிக் கேக்குதுன்னு கேளுங்க."

"எப்படிடி?"

உங்கள் அத்தை தொண்டையைச் செருமினாள். ஒரு தடவை நீளமாக, ஒரு தடவை குட்டையாக. பிறகு குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "ஏம்மா, நேரம் ஆவுது, கதையெல்லாம் அப்புறம் பேசலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். அது அந்த அனுமந்தைப் பெண். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பு. அதைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது.

அது நான் செருமுகிற செருமல், நான் தினமும் பேசுகிற பேச்சு.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கதை முழுக்கப் பின்னால் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொட்டாய், பேர் கட்டி அடுக்கி வைத்தது, விடியற்காலையில் வந்து எண்ணுகிறவன், மதியம் உண்ட மயக்கத்தில் சாய்கிறவன். எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. இத்தனை நாள் நான் அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தேன். ஓட வேண்டியிருந்ததே என்னிடமிருந்துதான்.

"அவன் ரொம்பக் கெட்டவனாடி?" என்று அனுமந்தைப் பெண் கேட்டாள்.

"இல்லடி," என்றாள் உங்கள் அத்தை. "நல்லவன்தான். அந்த நிழலுங்க காஞ்சி வெடிச்சிடக் கூடாதுன்னு மாசா மாசம் எண்ணெய் தடவி வைப்பான். கெட்டவனா இருந்தா எப்பவோ ஓடிப்போயிருப்பாளுங்களே."

அங்கிருந்து சத்தமில்லாமல் போய்விட வேண்டும் என்று திரும்பினேன். திரும்பும்போது, பழக்க தோஷம், தொண்டையைச் செருமிவிட்டேன். ஒரு தடவை நீளமாக, ஒரு தடவை குட்டையாக.

அம்பாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல்:

"வாங்க காவக்காரரே. கூழு குடிக்கிறீங்களா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் சிரிப்பு கேட்டதா, கேட்ட மாதிரி எனக்கு இருந்ததா, அதுவும் தெரியவில்லை. அன்று முழுக்கத் தொண்டையில் கிச்கிச்சென்று இருந்தாலும் செருமப் பயமாக இருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டே வேலை பார்த்தேன். உப்பு வாருகிற ஆள், "இன்னா மேஸ்திரி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டான். அவனுக்கும் தெரிந்திருக்குமோ என்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராத்திரி வீட்டில் என் அம்மா சோறு போட்டாள். உங்கள் அத்தை எதிரில் உட்கார்ந்திருந்தாள். வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"ஊரே சிரிக்கிற மாதிரி என்னைப் பத்திக் கதை கட்றியா?"

"உன்னைப் பத்தி எங்கண்ணா சொன்னேன்? காவக்காரனைப் பத்திச் சொன்னேன்."

"நான் அங்க நிக்கிறது தெரியாம..."

"மொத நாளே தெரியும். வெயிலு கிழக்கால இருந்து அடிக்குது. அம்பாரத்து ஓரத்துல நீ நின்னா, உன் தலை நிழலு எங்க கூழு குண்டான்ல வந்து விழுது. எல்லாருக்கும்தான் தெரியும்."

என் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பு பக்கம் போய்விட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"கடைசியில இன்னா ஆவுது? அவ தாண்டிப் போறாளா?"

அவள் சிரிக்கவில்லை. "கொட்டாய்ச் சாவி அவன்கிட்ட இருக்குது. அவன் இன்னா பண்ணுவான்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "அந்தப் பொண்ணை நீ கேட்டது தப்புண்ணா. அவ முதுகைப் பாத்தியா நீ? நான் பாத்தேன்" என்றாள்.

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

மறுநாளே எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம் என்று கிளம்பினேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பெண்களை வரிசையாக நிற்க வைத்து, "இனிமே யாரும் கூடையைக் கவுக்க வேணாம். அந்த வழக்கத்தை நான் நிறுத்திட்டேன். எல்லா நாளும் எல்லாரும் பாத்தியில இறங்கலாம்" என்று பெரிய மனுஷன் மாதிரி அறிவித்தேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. ஒருத்தியும் அசையவில்லை.

அக்காதான் முன்னால் வந்தாள். "ஏம்பா, நீ வைன்னா வைக்கணும், நீ எடுன்னா எடுக்கணுமா? அந்த நாலு நாளுதான் நாங்க இடுப்பு சாய்க்கிறோம். அதையும் புடுங்கிக்கினு, போய் உப்பு சொமன்னு சொல்ல வந்துட்ட."

"அப்ப நான் இன்னாதான் பண்ணணும்ன்ற?"

"உக்காரணும்னா நாங்க உக்காருவோம். எறங்கணும்னா எறங்குவோம். நீ பாக்காத. அவ்ளோதான்."

பார்க்காதே. இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் பெண்கள் கூடைகளைக் கொட்டாய்க்குப் பின்னால் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போவதை நான் விட்டேன். காலையில் மடையிலிருந்து நேராக ஆம்பளைகள் வேலை செய்யும் பாத்திக்குப் போவேன். யார் உட்கார்ந்தார்கள், யார் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் கண் தானாக அந்தப் பக்கம் போகும். கழுத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி திருப்பிக்கொள்வேன். அந்த வருஷமும் வெயில் உச்சத்தில் இரண்டு பாத்தி சிவந்தது. முதலாளி கேட்டார். "வெயிலுங்க" என்றேன். மடையைத் திறந்து தண்ணீர் விட்டேன், நிறம் இறங்கியது. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அனுமந்தைப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். எதிரில் வந்தால் அவள் வரப்பு மாறி நடப்பாள். அந்த வருஷம் உப்பு சீசன் முடியும் வரைக்கும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அவள் வேலைக்கு வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவே இல்லை.

அந்தக் கோடையில் எனக்கு மிச்சம் இருந்தது உங்கள் அத்தை விஷயம் ஒன்றுதான். நல்லவன் ஆகிவிட்டேன், அதனால் சரி என்று சொன்னேன் என்று நினைக்காதீர்கள். ஹாஸ்டலை நினைத்தால் எனக்குப் பயம்தான். ஊர் என்ன பேசும் என்ற பயம், அவள் மாறிவிடுவாளோ என்ற பயம். ஆனால் 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று மூன்றாவது தடவை சொல்ல வாய் எடுத்தபோதெல்லாம் அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட என் சொந்தக் குரல் காதில் கேட்டது. ஜூன் பாதி போய்விட்டது. ஒரு நாள் காலையில், "பாண்டிக்குப் போய் அந்தப் படிப்பை விசாரிச்சுட்டு வர்றேன்" என்று பொதுவாகச் சொன்னேன்.

உங்கள் அத்தை தலை வாரிக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை. "நீ விசாரிக்க வேணாம். நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். கூட மட்டும் வா. கையெழுத்து போட ஆம்பளை வேணுமாம்."

அவள் சேர்ந்துவிடுவதாகவே அன்றைக்கே ஈசிஆரில் பஸ் ஏறிப் போனோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை, அவ்வளவுதான் சாமான்.

ஹாஸ்டலில் ஒரு மேடம் இருந்தார்கள். கதவு எத்தனை மணிக்கு மூடும், யாரோடு பேசலாம், எப்போது விளக்கணைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார்கள். வாசலில் ஒரு காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் அத்தை என்னைப் பார்த்துக் கண்ணாலேயே அவரைக் காட்டினாள்.

"பொண்ணை வெளிய கூட்டிக்கிட்டுப் போக யாருக்கு அனுமதி?" என்று மேடம் கேட்டார்கள்.

"அவ எங்க போவணும்னாலும் அவளையே கேளுங்க மேடம்" என்றேன். எனக்கு அது பெரிய வார்த்தையாகத் தோன்றியது.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "அப்படியெல்லாம் இங்க முடியாதுப்பா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும். உன் பேரைப் போடு."

போட்டேன். என்ன செய்வது, போடாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். உங்கள் அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அளத்தில் ஒரு சாவியை விட்டுவிட்டேன் என்று வந்தால் இங்கே இன்னொரு சாவியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அன்று எனக்கு வந்த வெட்கம் வேறு மாதிரி வெட்கம். அதை எப்படிச் சொல்வது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

வாசலில் விடைபெறும்போது கேட்டேன். "அந்தக் கதைக்கு முடிவு இன்னான்னு அக்காங்க எல்லாம் கேப்பாங்களே?"

"அவங்களுக்கு லீவுக்கு வந்து சொல்றேன்."

"எனக்கு?"

"உனக்கு வேணாம். நீ கேட்டா அதையும் சரி பண்ண வந்துடுவ," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

சொன்ன மாதிரியே தீபாவளிக்கு வந்தபோது சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு முடிவு தெரியும், என் அம்மாவுக்குத் தெரியும். எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. நீங்கள் அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

பாண்டியிலிருந்து நான் திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்ட அம்மா கூட்டிப் போயிருந்தாள். கொல்லைப்புறக் கொடியில் ஒரு சட்டை தொங்கியது. என் பழைய முழுக்கைச் சட்டைதான். வெயிலுக்கு உங்கள் அத்தை தாவணிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். முந்தின நாள் வேலை முடிந்து வந்து அப்படியே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். உப்பு ஏறிக் கை இரண்டும் அட்டை மாதிரி விறைத்து நின்றது. தோள்பட்டையில், கூடை இடிக்கிற இடத்தில், வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதுவரை நான் ஒரு துணியையும் துவைத்ததில்லை. எனக்கும் அப்பாவுக்கும் அம்மாவும் அவளும்தான் துவைப்பார்கள். பக்கத்து வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்தேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனேன். முதல் தண்ணீர் கலங்கலாக வந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் மாதிரி கரித்தது. கொட்டிவிட்டு அடுத்த வாளி பிடித்தேன். அது கொஞ்சம் கரித்தது. சோப்பு போட்டேன், உப்புக்கு நுரை வரவில்லை. குந்தி உட்கார்ந்து, கழுத்துப்பட்டையை, தோள்பட்டையை, கை மடிப்பை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தண்ணீர் சப்பென்று ஆகும் வரைக்கும் அலசினேன். பிழியத் தெரியாமல் பிழிந்து என் லுங்கி எல்லாம் நனைந்துவிட்டது.

கொல்லைப்புறத்தில் போடாமல், எல்லார் கண்ணிலும் படும் தெருப்பக்கத்துக் கொடியில் கொண்டுபோய் உதறிப் போட்டேன். காற்றில் கழன்று விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினேன்.